மாடிக் கடைக்கு வேண்டிய வெயில்

நாங்கள் டில்லியின் மேற்குக் கோடியிலிருந்த ஜனக்புரிக்குக் குடிபோன புதிதில் அங்கே கடைத்தெரு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முள்செடி மண்டிய ஒரு பெரிய மைதானம், அதன் ஓரத்தில் நாலைந்து தள்ளுவண்டிகள், தகரக் கொட்டகையில் ஒரு ரேஷன் கடை, வாரத்துக்கு ஒரு நாள் கூடிக் கலையும் சந்தை, அவ்வளவுதான். தேங்காயும் காப்பிப்பொடியும் வாங்கப் பஸ் பிடித்துக் கரோல்பாக் போவோம். லோதி ரோடு அரசாங்க வீடுகளில் இருந்த ஆபீஸ் நண்பர்கள், "உங்க பக்கம் நரி ஊளையிடுமாமே?" என்று என்னைச் சீண்டுவார்கள். "ஊளையிடும். ஆனா சொந்த வீடு. ரிட்டயர் ஆனா காலி பண்ண வேண்டாம்" என்பேன். அதற்கு மேல் பேச்சு வளராது. என்னைக் கோபக்காரன் என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மைதானத்தில்தான் எழுபதுகளின் கடைசியில் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் எழும்பியது. மால் என்ற சொல் டில்லியில் புழங்க இன்னும் பல வருஷங்கள் இருந்தன. ஆனால் மால் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதன் அடையாளமெல்லாம் அதில் இருந்தது. நடுவில் பெரிய திறந்த முற்றம், அதைச் சுற்றி நாலு பக்கமும் இரண்டு அடுக்கில் கடைகள், மாடியைச் சுற்றிவர ஒரு நடைபாதை, தரையிலிருந்து உத்தரம் வரை கண்ணாடி போட்ட முகப்புகள். எனக்கு அந்தக் கட்டடத்தை ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய், ஒன்றும் வாங்காமல், மேலும் கீழும் நடந்துவிட்டு வருவோம். ஊர்க்கோடியில் கிடக்கும் எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எவனோ மெனக்கெட்டு யோசித்திருக்கிறானே என்று பெருமையாக இருந்தது.

யோசித்தவன் டில்லி வெயிலை மட்டும் மறந்துவிட்டான். முதல் மே மாதமே அந்த முற்றம் வாணலியாகிவிட்டது. கண்ணாடி முகப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் பகல் முழுக்க வெந்தார்கள். கீழ்த்தளத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் சர்தார்ஜி ஒருவர் இருந்தார், அறுபது தாண்டியவர். என் கைக்கடிகாரத்தைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே இருந்த மனிதர் ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து, விசிறி, உட்கார வைத்தோம். கண் திறந்ததும் அவர் முதலில் கேட்டது, என் கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். டில்லித் தமிழர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஒரு குறையைக் கண்டால் பஞ்சாபிக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவார். நாங்கள் மனு எழுதுவோம். நான் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். என் டிராஃப்டில் ஒரு கமாவை மாற்ற மேலதிகாரிகள் யோசிப்பார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முற்றத்துக்கு மேல் நிரந்தரமான கூரை போட வேண்டும் என்று பன்னிரண்டு பத்திகள் எழுதினேன். ஒவ்வொரு பத்திக்கும் எண். கடைசியில் நகல் யார் யாருக்கு என்ற பட்டியல். கையெழுத்து வாங்க இரண்டு தாள்கள். குடியிருப்பு வீடுகளுக்கு ஒரு தாளை நான் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர்களுக்கான தாளைச் சர்தார்ஜி எடுத்துப்போய் மேலும் கீழும் அலைந்து நிரப்பிக் கொண்டுவந்தார். அதைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே பின் குத்திக் காம்ப்ளெக்ஸைக் கட்டிய ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம், தவறாமல்.

காம்ப்ளெக்ஸுக்கு இன்னொரு சாபமும் இருந்தது. மாடிக்கு யாரும் ஏறவில்லை. கீழேயே எல்லாம் கிடைக்கும்போது எதற்காக இருபத்திரண்டு படி ஏறுவது? மாடிக் கடைகளில் பாதிக்கு மேல் எடுக்க ஆளில்லாமல் ஷட்டர் திறக்கவே இல்லை. திறந்திருந்த சிலவற்றில் ஒன்று வடகிழக்கு மூலையில் இருந்தது. முற்றத்தைப் பார்த்த அதன் முகம் தென்மேற்கே. நடைபாதைக்கு மேல் மூடி இல்லாததால் மத்தியானம் முதல் சூரியன் மறையும் வரை வெயில் நேரே கடைக்குள் இறங்கும். அந்த மொத்தக் கட்டடத்திலும் அதைவிட மோசமான கடை கிடையாது. போரில் கணவனை இழந்தவர்களுக்கென்று ஒதுக்கியதில் அது ஒரு தமிழ்ப் பெண்மணிக்கு வந்திருந்தது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து எழுபத்தொன்றில் போனவர். பத்து வயது மகளோடு பக்கத்து பிளாக்கில் ஒரு மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தார். முதலில் கடையில் அப்பளம், வடகம், நல்லெண்ணெய் என்று வைத்துப் பார்த்தார். என் மனைவி இரண்டு தடவை ஏறிப் போய் வாங்கினாள். மூன்றாம் தடவை மூட்டுவலி என்றாள். நான் ஏறினேன். "வாங்க அண்ணாச்சி" என்று அவர் எழுந்து நின்றார். டில்லியில் என்னை அண்ணாச்சி என்று அழைத்த ஒரே ஆள் அவர்தான். நான் திருச்சிக்காரன். அந்தச் சொல் எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

"ஏம்மா, இந்த மூலையில யார் வரப்போறாங்க? திருப்பிக் கொடுத்துட்டு வேற ஏதாவது கேட்டு எழுதலாமே. நான் டிராஃப்ட் பண்ணித் தரேன்" என்றேன்.

"திருப்பிக் குடுத்தா குடுத்ததுதான் அண்ணாச்சி. பொறவு ஊருக்குத்தான் போவணும். அங்க மச்சினர் வீட்டுல எனக்கு ஒரு மூலை. இங்கயும் மூலைதான். ஆனா இதுக்குப் பூட்டு இருக்கு, சாவி என்கிட்ட இருக்கு" என்றார்.

மூன்று மாதம் தொடர்ந்து பூட்டிக் கிடந்தால் ஒதுக்கீடு ரத்தாகும் என்று விதி. அதனால் வியாபாரம் நடக்கிறதோ இல்லையோ, தினம் காலையில் ஷட்டரைத் தூக்கிவிடுவார். அதே வருஷம் கோயமுத்தூரிலிருந்து ஒரு வெட் கிரைண்டரை ரயிலில் ஏற்றி வரவழைத்தார். நாலு பேர் சேர்ந்து அதை மாடிக்குத் தூக்கினார்கள். அது ஓடத் தொடங்கினால் கீழேயிருந்த புடவைக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்துக் கையை விரிப்பார். அரைத்த மாவு விற்கும் கடை என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிது. எங்கள் வீடுகளிலோ சின்ன மிக்ஸியும் பழைய ஆட்டுக்கல்லும் இருந்தன. வெயில்காலம் முழுக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வந்தால் அதிகம்.

குளிர்காலம் வந்தது. டில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது என்பது ஊரிலிருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாத துக்கம். ஜனவரியில் அரைத்து வைத்தால் மூன்றாம் நாளும் மாவு அரைத்தபடியே முறைத்துக்கொண்டு இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வித்தை செய்வார்கள். ஒருவர் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைச் சுற்றுவார், ஒருவர் ஹீட்டர் பக்கத்தில் வைப்பார், ஒருவர் கோதுமை டின்னுக்குள் புதைப்பார். என் மனைவி என்னுடைய பழைய கம்பளிக் கோட்டை மாவுப் பாத்திரத்துக்கு மாட்டிவிடுவாள். கோட்டுப் போட்ட அந்தப் பாத்திரம் சமையலறை மூலையில் என் மேலதிகாரி போலவே உட்கார்ந்திருக்கும். வேலையும் அவரைப் போலவே செய்யும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மாடிப் பக்கம் போனேன். அந்த மூலைக் கடையின் ஷட்டருக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ நடைபாதைக்கு வழிந்துகொண்டிருந்தது. வெள்ளையடிக்கிறவர்கள் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோன் ஹை பாயி? யாருப்பா அது?" என்று முற்றம் அதிரக் கத்தினேன். மகளின் பள்ளிக்கூடம் வரை போய்விட்டு அப்போதுதான் திரும்பியவர் படியேறி ஓடி வந்தார். குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, மாவு! ஜனவரில மாவு பொங்கிட்டு அண்ணாச்சி!"

காலையில் அரைத்த மாவு டின்னைக் கண்ணாடி ஓரமாக வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அன்று நல்ல வெயில். கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து மணி நேரம் இருந்த சூடு போதுமாயிருந்தது. வெளியே நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டிருக்க, உள்ளே மாவு கோயமுத்தூரில் இருப்பதாக நினைத்துக்கொண்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் வாழ்நாள் முழுக்கப் புகழுவேன். வேறு யாராக இருந்தாலும் அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஒரு வாரம் கடையின் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, எந்த மணிக்கு வெயில் எதுவரை வருகிறது என்று குறித்துக்கொண்டார். வெயிலோடு டின்களையும் நகர்த்தினார். மேகம் மூடும் என்று தோன்றினால் அரைக்கும் அளவைக் குறைத்தார். விடியற்காலையில் அரைத்து, பதினொரு மணிக்குக் கண்ணாடி ஓரம் வரிசையாக வைத்தால், நாலு மணிக்கெல்லாம் பொங்கி நிற்கும். ஐந்தரைக்கும் ஆறுக்கும் ஆபீஸ் விட்டு வரும் சார்ட்டர்டு பஸ்கள் காம்ப்ளெக்ஸ் வாசலில் நிற்கும். இறங்குகிற தமிழர், மலையாளி, ஆந்திராக்காரர், கன்னடக்காரர் எல்லோரும் கையில் தூக்குப் பாத்திரத்தோடு மாடிப்படி ஏறுவார்கள். காலையில் ஆபீஸுக்குக் காலித் தூக்கோடு போவது அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என் ஆபீஸில் ஃபைல் அலமாரிக்கு மேல் ஆறு தூக்குகள் இருக்கும். லோதி ரோடு நண்பர்கள் இப்போது நரியைப் பற்றிப் பேசுவதில்லை. "எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்களேன்" என்றார்கள்.

மாடியில் ஜனம் ஏறியதும் மற்ற ஷட்டர்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. தையல்காரர் வந்தார், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வந்தது, சமோசாவும் டீயும் விற்கும் கடை ஒன்று வந்தது. செத்துக் கிடந்த ஒரு தளத்தையே அந்தப் பெண்மணி எழுப்பி உட்கார வைத்தார். வெயில்காலத்தில் அவருக்கு வியாபாரம் சொற்பம்தான், உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்கால நாலு மாதம்தான் வருஷம் முழுவதற்கும் சோறு போட்டது. மகள் நல்ல ஷூ போட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஊரையே வெள்ளையடித்துப் பாலம் கட்டி முடித்த பிறகு, ஓரத்தில் கிடந்த எங்கள் ஞாபகமும் யாருக்கோ வந்தது. ஒரு செப்டம்பரில் காம்ப்ளெக்ஸ் முற்றத்தில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள். புது வடிவம், புது விளக்குகள், செயற்கை நீரூற்று, முற்றம் முழுவதையும் மூடும் நிரந்தரக் கூரை. வர்ணப்படத்தில் கூரைக்கு அடியில் கோட்டுப் போட்டவர்களும் பாப் தலைப் பெண்களும் உலவிக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் எனக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் மனுவைப் பார்வையிடவும் என்று ஆரம்பித்து, தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று முடிந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் ஒரு மனுவை ஏற்றுக்கொள்வது என்ன சாதாரண விஷயமா? ஆபீஸில் கடிதத்தைச் சுற்றுக்கு விட்டேன். வீட்டுக்கு அரைக்கிலோ லட்டு வாங்கிக்கொண்டு போனேன். என் மனைவி கடிதத்தைப் படித்தாள், லட்டை வாயில் வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"ஏங்க, கூரை போட்டுட்டா அந்த மாவுக்கு வெயில்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு பத்திகள், அத்தனை நினைவூட்டுகள். அதில் எங்கேயும் அந்த மூலைக் கடை இல்லை. நான் எழுதியபோது அங்கே ஒருவர் அப்பளம் விற்றுக்கொண்டிருந்தார், மாவு பொங்கவில்லை, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பொங்கிய பிறகும் மூன்று வருஷம் நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தது யார்? தினம் அந்தக் கடையில் மாவு வாங்கி வந்து, இட்லியைத் தின்றுவிட்டு, அதே மேஜையில் உட்கார்ந்து அவருடைய வெயிலை மறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவர் நடைபாதைக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா அண்ணாச்சி? மூடப் போறாங்க. மூடிட்டாங்கன்னா இது சும்மா ஒரு இருட்டுக் கடை. நாலு மாசம் ஓடலன்னா வருசமே ஓடாது, பூட்டத்தான் செய்யணும். பூட்டினா எடுத்துக்கிடுவாங்க" என்றார். அழவில்லை. கணக்காகச் சொன்னார். "ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னு நாள் குடுத்திருக்காங்களா?"

முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். "நான் எழுதித் தரேன்" என்றேன். மனுவை எழுதியதே நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. கோபக்காரன் என்று பேர் வாங்கினவன் இவ்வளவு கோழையாக இருப்பான் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து எழுதினேன். என் பத்திகளுக்கு நானே பதில். என் ஒவ்வொரு வாதத்தையும் அடித்து நொறுக்கினேன். கூரைத் திட்டத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்று முடித்திருந்தேன். அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"கூரையே வேண்டாம்னா எழுதியிருக்கிய?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. வேற எப்படி?"

"அது தப்புல்லா. கீழ இருக்கவங்க மே மாசம் வேகுதாங்க. எனக்கு மாவு பொங்கணும்னு அவங்களை வேக வைக்கவா? இத அனுப்பாதிய."

"பின்னே என்னத்தைச் சொல்வீங்க?"

"போயி நின்னு பாக்கேன். வாய்ல வாரதச் சொல்லுதேன்."

டிராஃப்ட் இல்லாமல் ஒருவர் சர்க்கார் விசாரணைக்குப் போவதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. நேரில் வந்து சொல்ல அனுமதி வேண்டும் என்ற இரண்டே வரியை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். என் சர்வீஸிலேயே நான் எழுதிய மிகச் சின்ன மனு அதுதான்.

நவம்பரில் கூப்பிட்டார்கள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு நிர்வாகப் பொறியாளர், நரைத்த மீசை, ரிட்டயராகும் வயது. கீழ்க்கடைக்காரர்கள் சார்பில் சர்தார்ஜியும் புடவைக் கடைக்காரரும் வந்திருந்தார்கள். பொறியாளர் ஃபைலைத் திறந்து என் பழைய மனுவை எடுத்தார். "இவ்வளவு நல்ல மனுவை நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, இரண்டு பத்திகளை வாய்விட்டுப் படிக்கவும் செய்தார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் மிதந்திருப்பேன். அன்று அந்த இங்கிலீஷைக் கேட்கக் கேட்கக் கூசியது.

பிறகு அவர் கையெழுத்துத் தாளைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இதில் ஒரே ஒரு கையெழுத்து மதராஸி எழுத்தில் இருக்கிறது. கடை எண்ணும் உங்களுடையது. இது நீங்கள் போட்டதுதானே?" என்று அந்தப் பெண்மணியைக் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். தமிழர்கள் நாங்கள் அத்தனை பேரும் இங்கிலீஷில் கிறுக்கியிருக்க, அவர் பெயர் மட்டும் தமிழில், குண்டு குண்டாக, பிசிறில்லாமல் இருந்தது. கூரை வேண்டும் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறோம் என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள். அதற்கு மேல் எந்த ஆபீசரும் எந்த உலகத்திலும் கேட்க மாட்டார். அந்த வித்தை எனக்குத் தெரியும். நானே எத்தனையோ ஃபைலை அப்படி மூடியிருக்கிறேன்.

நான் எழுந்துவிட்டேன். "சார், அந்த மனுவை எழுதினவன் நான். அந்தத் தாளில் கையெழுத்து வாங்கச் சொன்னவனும் நான். பிழை என்னுடையது" என்றேன். அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் பேசினார். கணவரோடு பத்து வருஷம் ராணுவக் கன்டோன்மென்ட்களில் இருந்தவர், இந்தி தண்ணீராக வரும். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "நான் போட்ட கையெழுத்துதான் சாகிப். ஜூன் மாசம் போட்டேன். சர்தார்ஜி மயங்கி விழுந்த பிறகு போட்டேன். ஜூன் மாசத்துக்கு இன்னொரு தடவை கேட்டாலும் போடுவேன். ஜனவரிக்கு நான் போடவில்லை. யாருமே போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை."

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, ஜூனுக்கு ஒரு கூரை, ஜனவரிக்கு ஒரு கூரை என்று கட்ட முடியுமா?"

"உங்கள் வீட்டில் ரஜாய் இருக்கிறதுதானே சாகிப்? மார்ச் வந்தால் மடித்துப் பெட்டியில் வைக்கிறீர்கள். இதை நவம்பரில் மடித்து வையுங்கள்."

சர்தார்ஜிதான் முதலில் தலையை ஆட்டினார். "ஜனவரியில் எனக்கும் வெயில் வேண்டும். குளிரில் விரல் விறைத்தால் திருகாணி பிடிக்க வராது" என்றார். ஜனவரியில் இடத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் அந்தப் பெண்மணியின் ஒரே கோரிக்கை. ஒரு விஷயத்தை இரண்டு மாதம் தள்ளிப்போடு என்று கேட்டால் எந்தச் சர்க்கார் ஆபீஸ் மறுக்கும்? உடனே சம்மதித்துவிட்டார்கள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி" என்றார். "தாளைக் கொண்டாந்தப்பவே சர்தார்ஜி உங்க பேரைச் சொன்னாரு. நல்ல காரியம்னுதான் போட்டேன்."

"தெரிஞ்சுமா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லிட்டியல்லா, விடுங்க."

ஜனவரியில் பொறியாளர் ஒரு மத்தியானம் வந்தார். முன்கூட்டி ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை, செய்யக் கூடாது என்று அந்தப் பெண்மணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏற்பாடு செய்யத் தேவையும் இல்லை. முற்றம் முழுக்க ஜனம். கடைக்காரர்கள் ஸ்டூல்களை வெயிலுக்கு நகர்த்தியிருந்தார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் சிதறிக் கிடந்தன. பொறியாளர் நடுவில் நின்று தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். யாரோ ஒரு ஸ்டூலைப் போட்டார்கள், உட்கார்ந்தார். கூட வந்த ஜூனியர்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு காத்திருக்க, மனிதர் கண்ணை மூடி வெயில் காய்ந்தார். பிறகு மாடிக்கு ஏறி, கண்ணாடி ஓரம் இருந்த டின் ஒன்றின் மேல் கையை வைத்துப் பார்த்தார். வரைபடத்தைச் சுருட்டச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரியில் புது வரைபடம் வந்தது. முற்றத்துக்கு மேல் இரும்புக் குழாய்கள், அவற்றில் பட்டை பட்டையாகக் கான்வாஸ் துணி, கயிறும் கப்பியும். ஏப்ரல் நடுவில் விரிப்பது, அக்டோபர் கடைசியில் சுருட்டுவது. சர்க்கார் ஆபீஸில் இப்படியும் ஒரு மூளை இருக்கிறதே என்று அந்த நரைத்த மீசையை நான் மனசுக்குள் கும்பிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வருஷா வருஷம் விரிக்கவும் சுருட்டவும், கிழிந்தால் சொல்லித் தைக்கவும், புயல்காற்று வந்தால் ஓடி இறக்கவும் யாராவது ஒரு கடைக்காரர் எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் அந்தக் கடையின் ஒதுக்கீட்டின் மேல் நடவடிக்கை வரும். யாரும் ஏற்காவிட்டால் பழைய திட்டம்தான். கடைக்காரர்கள் கூட்டத்தில் இதைப் படித்ததும் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

"என் கடை எண்ணைப் போட்டுக்கோங்க" என்று மாடிக்காரர் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்று நான் பதறினேன். எந்தக் கடைக்காக இவ்வளவு போராடினாரோ அதையே பணயமாக வைக்கிறார். அதுவும் எதற்கு? தனக்கு வேண்டாத நிழலுக்கு.

"நெழல் நம்மால கெட்டுடக் கூடாதுல்லா" என்றார். அன்றே கையெழுத்துப் போட்டார், தமிழில்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக விரித்தார்கள். விரித்தார்கள் என்ன, அவர்தான் விரித்தார். மாடி நடைபாதையில் நின்று, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கயிறாக இழுத்தார். துணி கனம், கப்பி புதுசு, கையில் சிவப்பாகத் தடம் விழுந்தது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"விடுங்க அண்ணாச்சி. உத்தரவுல என் பேருதான இருக்கு" என்றார்.

விட்டுவிட்டேன். அந்தக் காம்ப்ளெக்ஸில் எத்தனையோ பேர் கடை வைத்தார்கள், பெரிய ஆளானார்கள். ஆனால் அதைக் கட்டியது யார் என்று என்னைக் கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். பட்டை பட்டையாக நிழல் முற்றத்தைக் கடந்து கீழ்க்கடைகளின் மேல் விழுந்தது, கடைசிப் பட்டை அவருடைய கண்ணாடியின் மேலும் விழுந்தது. கயிற்றைக் கொக்கியில் சுற்றி முடிச்சுப் போட்டார். கைப்பிடிக்கு மேல் எட்டிக் கீழே பார்த்து, எல்லோருக்கும் நிழல் வந்துவிட்டதா என்று இந்தியில் உரக்கக் கேட்டார்.